மலையில் சிக்னல் இல்லாவிட்டாலும் கிட்: டெர்மினலில் முதல் அடிகள்

போடியிலிருந்து மெட்டு ஏறினால் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். அதற்காக வேலையை நிறுத்த வேண்டியதில்லை. 2005-இல் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் என்னும் மென்பொருள், நிரலில் செய்த திருத்தங்களின் முழு வரலாற்றையும் உங்கள் லேப்டாப்பிலேயே வைத்துக்கொள்ளும். வெளியே அனுப்பவும் வெளியிலிருந்து எடுக்கவும் மட்டுமே நெட் வேண்டும்.

பச்சை ஏலக்காயின் எடையைக் கொடுத்தால் உலர்ந்த எடையைச் சொல்லும் சின்ன பைத்தான் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். கட்டளை அடிக்கும் திரையான டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

உபுண்டு என்றால் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கிட்' போதும். விண்டோஸில் 'கிட் ஃபார் விண்டோஸ்' நிறுவி, கூடவே வரும் கிட் பாஷ் என்ற டெர்மினலைத் திறங்கள்.

முதலில் உங்கள் பெயர்:

கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.நேம் "பெயர்"
கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.இமெயில் "முகவரி"

இதைச் செய்யாவிட்டால் முதல் கமிட்டே (திருத்தங்களைப் பதிவு செய்வதுதான் கமிட்) 'நீங்கள் யார்' என்று கேட்டு நின்றுவிடும். கோப்புக்குத் தமிழில் பெயர் வைப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். இயல்பாக கிட் அந்தப் பெயரைச் சாய்கோடும் எண்களுமாகக் காட்டும். கோப்பு கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், 'கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.குவோட்பாத் ஃபால்ஸ்' என்று ஒருமுறை அடித்தால் தமிழ் தமிழாகவே தெரியும்.

நிரல் இருக்கும் ஃபோல்டருக்குள் போய் 'கிட் இனிட்' கொடுங்கள். புள்ளியில் தொடங்கும் பெயரோடு மறைவாக ஒரு ஃபோல்டர் உருவாகும். வரலாறு முழுவதும் அதற்குள்தான், அதை அழித்தால் எல்லாம் போச்சு. பிறகு:

கிட் ஸ்டேட்டஸ்
கிட் ஆட் கணக்கு.பை
கிட் கமிட் -எம் "உலர் எடைக் கணக்கு சேர்த்தது"

ஆட், கமிட் என்று எதற்கு இரண்டு வேலை? காயைச் சாக்கில் போடுவது ஆட். சாக்கைத் தைத்துச் சீட்டுக் கட்டுவது கமிட். ஆட் செய்த பிறகு கோப்பில் ஒரு வரியைத் திருத்தினால், அந்தத் திருத்தம் சாக்குக்கு வெளியேதான் கிடக்கும். கமிட்டில் பழைய வரியே போகும். புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். கமிட்டுக்கு முன் 'கிட் டிஃப்' அடித்தால் வெளியே கிடப்பது தெரியும், 'கிட் டிஃப் --ஸ்டேஜ்ட்' அடித்தால் சாக்குக்குள் இருப்பது தெரியும்.

'-எம்' மறந்தால் கமிட் செய்தியை எழுத எடிட்டர் திறக்கும். அது விம் என்றால் எஸ்கேப் அழுத்தி, முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி அடித்து என்டர் தட்டுங்கள். செய்தி காலியாக இருப்பதால் கமிட் ரத்தாகும், திருத்தங்கள் பத்திரமாக இருக்கும்.

பாஸ்வேர்டு உள்ள கோப்பை ஆட் செய்யவே கூடாது. தவறிச் சேர்த்துவிட்டால் 'கிட் ஆர்எம் --கேஷ்ட்' இனி வரும் கமிட்டுகளிலிருந்துதான் நீக்கும், பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். பாஸ்வேர்டையே மாற்றுங்கள்.

சிக்னல் வந்ததும், நிரல்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்புக்கு அனுப்பலாம் (இங்கே 'முகவரி' என்பது கிட்ஹப்பில் உங்கள் நிரலுக்கான இணைய முகவரி):

கிட் பிராஞ்ச் -எம் மெயின்
கிட் ரிமோட் ஆட் ஆரிஜின் முகவரி
கிட் புஷ் -யு ஆரிஜின் மெயின்

முதல் வரியை விட்டால், கிளையின் (கமிட்டுகள் வரிசையாகச் சேரும் பாதை) பெயர் 'மாஸ்டர்' என்றிருக்கும் கணினியில் புஷ், அதாவது அனுப்புதல், தோற்கும். பாஸ்வேர்டு கேட்டால் கணக்கின் பாஸ்வேர்டு செல்லாது. 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட்ஹப் அதை ஏற்பதில்லை. கிட்ஹப் அமைப்புகளில், பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் டோக்கன் ஒன்றை உருவாக்கி ஒட்டுங்கள். ஒட்டியது திரையில் தெரியாது, என்டர் தட்டினால் போதும்.

நெடுங்கண்டத்தில் இருக்கும் கூட்டாளி உங்களுக்கு முன்பே புஷ் செய்திருந்தால், உங்கள் புஷ் 'ரிஜெக்டட்' ஆகும். கோபத்தில் '--ஃபோர்ஸ்' போடாதீர்கள், அவர் அனுப்பியவை கிளையிலிருந்து போய்விடும். 'கிட் புல் --ரீபேஸ்' அடியுங்கள், அது அவருடைய கமிட்டுகளை எடுத்து, அவற்றுக்கு மேல் உங்களுடையதை வைக்கும்.

இருவரும் ஒரே வரியைத் தொட்டிருந்தால் மோதல் வரும். ஐந்து கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ என்று நீங்கள் 5-ஆல் வகுத்திருப்பீர்கள், அவர் 6-ஆல் வகுத்திருப்பார். எது சரி என்று கிட்டுக்குத் தெரியாது. போன் போட்டுப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். கோப்பில் ஏழு சமக்குறிகளுக்கு மேலே இருப்பது அவருடையது, கீழே இருப்பது உங்களுடையது. சரியான வரியை மட்டும் வைத்துக் குறிகளை அழித்து, ஆட் செய்து, 'கிட் ரீபேஸ் --கன்டினியூ' கொடுங்கள். குழம்பிவிட்டால் 'கிட் ரீபேஸ் --அபார்ட்' பழைய நிலைக்கே கொண்டுபோய் விடும். சரியாக முடிந்ததும் மறுபடி 'கிட் புஷ்'.