ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஏடிஹெச்டி: எந்தச் சிகிச்சையை முதலில் பார்ப்பது?

ஏடிஹெச்டி (கவனக்குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் உள்ள கோளாறு) என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் கிளம்பும் முதல் கேள்வி, மாத்திரை போடலாமா வேண்டாமா என்பதுதான். ஆறு வயது ஆகாத பிள்ளைக்கு அந்தக் கேள்வி பிறகுதான் வரவேண்டும். நாலைந்து வயதில் முதல் சிகிச்சை, பெற்றோருக்குக் கற்றுத்தரும் நடத்தைப் பயிற்சி. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019 வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. ஆறு வயதுக்கு மேல் என்றால் மருந்தும் பயிற்சியும் சேர்ந்தே தொடங்கலாம்.

அதற்கு முன், ஏடிஹெச்டிதானா என்று சரிபாருங்கள். துறுதுறுப்பும் கவனக்குறைவும் குறைந்தது 6 மாதமாக, வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது இருக்கவேண்டும். வீட்டில் மட்டும் ஆட்டம் போட்டு அங்கன்வாடியில் அடங்கி இருக்கும் பிள்ளைக்கு வேறு காரணம் தேடணும். காது, கண், ரத்தசோகைப் பரிசோதனை செய்யுங்கள். ராத்திரி குறட்டை விட்டு வாயால் மூச்சுவிடும் பிள்ளைக்குத் தூக்கம் கெட்டே பகலில் இப்படி ஆகலாம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இன்னொன்றும் உண்டு: வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி வளர்ந்த பிள்ளை தமிழ் வகுப்பில் புரியாமல் முழித்தால் அதுவும் கவனக்குறைவு போலத் தெரியும். வீட்டு மொழியிலேயே சோதிக்கச் சொல்லுங்கள்.

அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் சொன்னால், இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கும் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு எழுதித் தருவார்கள், கட்டணம் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் காட்டலாம். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போகிறவர்கள் டீச்சர் எழுதிய குறிப்பையும் கையோடு எடுத்துப்போங்கள். டாக்டர் அறையில் அரைமணி நேரம் சமர்த்தாக உட்காரும் பிள்ளைகள் நிறைய.

பயிற்சி என்றால் பிள்ளைக்கு என்று பலர் நினைக்கிறார்கள். மாறவேண்டியது நாம் சொல்லும் விதம். முதலில் இரண்டே இரண்டு நடத்தைகளைத் தேர்ந்தெடுங்கள். ‘அடங்கி இரு’ என்பதை எண்ண முடியாது. ‘சாப்பிடும்போது எழுந்து ஓடுவது’, ‘தம்பியை அடிப்பது’ எண்ண முடியும். ஒரு வாரம் எதையும் மாற்றாமல் காலண்டரில் கோடு போட்டு எண்ணுங்கள். பிறகு தொடங்குங்கள்.

அடுப்படியில் இருந்து கத்தாமல் கிட்டே போய், பெயர் சொல்லி, முகம் பார்த்து, ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள்: ‘செருப்பைக் கழட்டி வை.’ மனதுக்குள் ஐந்து எண்ணிக் காத்திருங்கள். செய்துவிட்டால் அந்த நொடியே பாராட்டு, ஒரு ஸ்டிக்கர். ஐந்து ஸ்டிக்கருக்கு அன்றைக்கே ஏதாவது கிடைக்கணும். ‘முழுப்பரீட்சை முடிஞ்சா சைக்கிள்’ என்பது இந்தப் பிள்ளைக்கு எட்டாத தூரம். தினமும் 10 நிமிடம் போன் இல்லாமல், அவன் இஷ்டப்படி விளையாடுங்கள். அந்த நேரத்தில் உத்தரவு, திருத்தம் எதுவும் வேண்டாம். பிள்ளை யாரையாவது அடித்தால் மட்டும், வயதுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் தனியே உட்காரவைத்தால் போதும்.

பெரும்பாலும் இது கெடுவது இரண்டு இடத்தில். அடம்பிடிப்பதைக் கண்டுகொள்ளாமல் விட்டதும் முதல் சில நாள் அடம் கூடும். பலிக்கவில்லை என்று அங்கேயே விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது, அம்மா மறுத்ததைப் பாட்டி பின்கட்டில் கொடுப்பது. வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சாக இருக்கணும். இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்து, கோடுகளை மறுபடி எண்ணுங்கள்.

எண்ணிக்கை பாதிக்குமேல் குறைந்திருந்தால் மருந்து பற்றி இப்போது யோசிக்கவேண்டாம் என்பது எங்கள் கருத்து. குறையாமல், பிள்ளை ரோட்டில் ஓடுவது, பள்ளியில் சேர்க்க மறுப்பது என்று ஆபத்தும் இழப்பும் தொடர்ந்தால், மருந்தைத் தள்ளிப்போடுவதும் ஒரு கெடுதல்தான்.

முதலில் எழுதப்படுவது பெரும்பாலும் மெத்தில்பெனிடேட். குறைந்த அளவில் தொடங்கி, டாக்டர் படிப்படியாகக் கூட்டுவார். அரைமணி, ஒருமணி நேரத்தில் வேலை செய்யும். சாதா மாத்திரை சுமார் 4 மணி நேரம் நிற்கும். பலன் அன்றைக்கே தெரியும் என்பதால் அதே இரண்டு நடத்தைகளை எண்ணியே மதிப்பிடலாம். ஆறு வயதுக்குக் கீழே பலன் சற்றுக் குறைவு, பக்கவிளைவு சற்று அதிகம். பசி மந்தம், தூக்கம் தள்ளிப்போவது, வயிற்றுவலி, மருந்தின் வேகம் குறையும் நேரத்தில் அழுகை, எரிச்சல் வரலாம். மதியச் சத்துணவு முட்டை சாப்பிடாமல் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வரும். அதனால் காலையில் களியோ இட்லியோ வயிறார ஊட்டியபின் மாத்திரை. மருந்தின் வேகம் குறைந்த சாயங்காலம் வேர்க்கடலை, பால், இரவு நல்ல சாப்பாடு. பள்ளியில் காலை உணவு சாப்பிடும் பிள்ளையென்றால் மாத்திரை நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். எடை, உயரம், ரத்த அழுத்தம் தவறாமல் பார்க்கணும். குடும்பத்தில் சிறுவயதில் திடீர் மாரடைப்பு, மயக்கம் இருந்தால் தொடங்கும் முன்பே சொல்லுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், இல்லாததைப் பார்ப்பது என்றால் உடனே ஆஸ்பத்திரி.

நீண்டநேர மாத்திரையை நசுக்கித் தேனில் குழைத்துக் கொடுக்காதீர்கள். நாள் முழுக்க இறங்கவேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். முழுங்கத் தெரியாத பிள்ளை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடாமாக்சிடின் என்ற இன்னொரு மருந்து ஆறு வயதுக்கு மேல்தான். அதன் முழுப் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். பத்து நாளில் ‘கேட்கலை’ என்று நிறுத்தாதீர்கள்.

சர்க்கரையை நிறுத்தினால் சரியாகிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒமேகா-3 மாத்திரையின் பலன் மிகச் சிறியது. ஞாபகசக்தி லேகியம், பெயரில்லாப் பொடி வாங்குவதைவிட அந்தப் பணத்தில் முட்டை வாங்கலாம். தாயத்து கட்டுவது உங்கள் விருப்பம். அதற்காக மருத்துவச் சீட்டை ஓரங்கட்டாதீர்கள்.

மெத்தில்பெனிடேட் எல்லா மருந்துக்கடையிலும் இருக்காது, சீட்டு இல்லாமல் தரவும் மாட்டார்கள். தீர்ந்தபின் தேடாமல், ஒரு வாரத்துக்கு முன்பே கடையில் சொல்லிவையுங்கள். இடையில் சந்தேகம் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே இலவசமாகக் கேட்கலாம்.