இதயநோய் வம்சாவளி: மரபணுப் பரிசோதனைக்கு முன் வரைய வேண்டிய தாள்

பெங்களூரில் இதய மருத்துவரைப் பார்க்கச் செல்லும் நம் குடும்பங்கள் பழைய ஈசிஜி, எக்கோ தாள்களையெல்லாம் மறக்காமல் பையில் அடுக்கிக்கொண்டு போகின்றன. ஆனால் "வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா?" என்று மருத்துவர் கேட்டால், "அப்பாவுக்கு சுகர் இருந்தது" என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது. இரத்தக்குழாயில் கொழுப்பு படியும் நோய்க்கு மரபணுப் பரிசோதனை செய்யப் பணம் கட்டுவதற்கு முன்பு, மூன்று தலைமுறைகளை ஒரே தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமும் போடுங்கள். இதயநோய் வந்தவர்களைக் கறுப்பாக நிரப்பி, இறந்தவர்கள் மேல் சாய்கோடு இழுங்கள். ஒவ்வொருவரின் அருகிலும் நோய் வந்த வயதை எழுதுங்கள். இறந்த வயது மட்டும் போதாது. உறவுப் பெயர்களை அப்படியே எழுதிவிடாமல் கவனமாக இருக்க வேண்டும்: 'சித்தப்பா' என்பது அப்பாவின் தம்பியாகவும் இருக்கலாம், அம்மாவின் தங்கை கணவராகவும் இருக்கலாம்; பின்னவர் பெரும்பாலும் நமக்கு இரத்த உறவு அல்லர்.

விசாரிப்பதுதான் கடினமான பகுதி. அல்சூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அத்தையிடம் கேட்டபோது, பெரியப்பா "வாயுப் பிடிப்பில்" இறந்ததாகச் சொன்னார். அன்று காலை இடது கை கடுத்ததா, வியர்த்ததா என்று கேட்டேன். சட்டை முழுவதும் நனைந்திருந்தது என்றார். பெரியப்பாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஆகவே நோயின் பெயரைக் கேட்காதீர்கள். அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள்.

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஆணுக்கு 55 வயதுக்கு முன்பும் பெண்ணுக்கு 65 வயதுக்கு முன்பும் மாரடைப்பு வந்திருந்தால், அது இளவயது நோயாகக் கணக்கிடப்படும். அத்தகைய கறுப்புக் கட்டங்கள் ஒரே பக்கத்தில் தலைமுறைதோறும் தென்பட்டால், பரம்பரை மிகைக் கொழுப்பு நோயைச் சந்தேகிக்கலாம். அமெரிக்காவின் டல்லாஸில் ஆய்வாளர்கள் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் இந்நோயாளிகளின் தோல் செல்களை வளர்த்துப் பார்த்தபோதுதான், எல்டிஎல் எனும் 'கெட்ட' கொழுப்பை இரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி அவற்றில் பழுதாகியிருப்பது தெரியவந்தது. அதற்காக 1985இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். பெற்றோரில் ஒருவருக்கு இப்பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

அத்தை மகளையோ தாய்மாமனையோ மணந்தவர்களை இரட்டைக் கோட்டால் இணையுங்கள். இருவரும் ஒரே மூதாதையரிடமிருந்து அதே பழுதைப் பெற்றிருந்தால், அவர்கள் பிள்ளைக்குப் பழுதான இரண்டு பிரதிகளும் கிடைத்து, பள்ளி வயதிலேயே இரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளக்கூடும். யார் மனமாவது நோகுமே என்று இந்தக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது இரத்தப் பரிசோதனை. லிப்பிட் புரொஃபைல் எனும் இரத்தக் கொழுப்புச் சோதனையில் எல்டிஎல் பெரியவர்களுக்கு டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராமைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறவரின் எண் குறைந்தே காட்டும். ஆகவே மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய அறிக்கையைத் தேடி எடுங்கள். தைராய்டு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும். அதையும் கூடவே பார்த்துவிடுங்கள். லிப்போபுரோட்டீன்-ஏ என்ற மற்றொரு கொழுப்புத் துகளின் அளவையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்க வேண்டும். வழக்கமான தொகுப்பில் அது பெரும்பாலும் இராது. அதன் அளவைப் பெரும்பாலும் மரபே தீர்மானிப்பதால், பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும்.

இவ்வளவும் கையில் இருந்தால், எல்டிஎல் ஏற்பி, ஏபிஓபி, பிசிஎஸ்கே9 ஆகிய மூன்று மரபணுக்களையும் பார்க்கும் சோதனை தேவையா என்பதை மருத்துவரே முடிவுசெய்வார். மூன்றாவது மரபணு எனக்கு மிகவும் வியப்பானது. எல்டிஎல் ஏற்பிகளைக் குறைக்கும் அந்த மரபணு செயலிழந்த கறுப்பின அமெரிக்கர்களை ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் குழுவினர் ஆராய்ந்தபோது, எல்டிஎல் 28 விழுக்காடு மட்டுமே குறைந்திருந்தும் இதயநோய் 88 விழுக்காடு குறைந்திருந்ததை 2006இல் கண்டனர். பிறந்ததிலிருந்தே குறைந்திருப்பதன் பலன் அது.

சோதனையை நோய் வந்தவரிடமே முதலில் செய்ய வேண்டும். பழுது கண்டறியப்பட்டால், அந்த ஓர் இடத்தை மட்டும் உறவினர்களிடம் தேடினால் போதும், செலவும் குறையும். தாளின் நகலை ஆம்பூரிலும் மும்பையிலும் இருக்கும் பெரியப்பா பிள்ளைகளுக்கும் அனுப்பி, விடுபட்ட வயதுகளை அவர்களையே நிரப்பித் தரச் சொல்லுங்கள்.