'இம்ப்ரூவ்' என்ற சொல்லின் வேரைத் தேடுவோர் செய்யும் தவறுகள்

சொற்பிறப்புக் குறிப்பு எழுதப் பழகும் மாணவர்களின் தாள்களை அண்மையில் திருத்தினேன். 'இம்ப்ரூவ் என்றால் தன்னைத்தானே நிரூபித்தல்' என்று மூவர் எழுதியிருந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்பு நான் எழுதிய அதே வாக்கியம்.

இன்றைய எழுத்துக்கூட்டலை வெட்டிப் பொருள் காணுதல்

'இம்' முன்னொட்டு, 'ப்ரூவ்' வேர் என்று பிரித்து, சுயமுன்னேற்றத்தைப் பற்றி ஒரு கட்டுரையே கட்டினேன். அது ஒரு சிறு நூலில் அச்சான பிறகு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அஞ்சலட்டையில் எழுதினார்: "அந்நாளைய நிலவுடைமையாளர்கள் எதையும் நிரூபிக்கவில்லை, லாபம் பார்த்தார்கள்." முந்நூறு படிகளிலும் திருத்தச் சீட்டை நானே பசை தடவி ஒட்டினேன்.

அவர் சொன்னதே சரி. இங்கிலாந்தில் வழங்கிய பிரெஞ்சில், லாபம் என்று பொருள்படும் 'ப்ரூ' என்ற சொல்லிலிருந்து, ஒன்றை லாபமாக்குதல் என்ற வினை பிறந்தது; அந்த 'ப்ரூ'வோ பயன்படுதலைக் குறிக்கும் இலத்தீன் 'ப்ரோதெஸ்ஸே' வழி வந்தது. தரிசையும் பொது மேய்ச்சல் நிலத்தையும் வேலியிட்டு வளைத்து, உழுது, வருமானத்தைக் கூட்டுவதையே நிலவுடைமையாளர்கள் இச்சொல்லால் குறித்தார்கள். பொதுவாக மேம்படுத்துதல் என்னும் பொருள் 17ஆம் நூற்றாண்டில்தான் ஊன்றியது. வடிவில் 'வ்' நிலைத்ததற்கு 'ப்ரூவ்', 'அப்ரூவ்' ஆகியவற்றின் சாயலும் காரணம். அது ஒட்டிக்கொண்ட சாயலே ஒழிய இரத்த உறவு அன்று. உண்மையான உறவினர் பெருமிதத்தைக் குறிக்கும் 'ப்ரௌட்', வீரத்தைக் குறிக்கும் 'ப்ரௌவெஸ்' ஆகிய சொற்களே. அகராதியில் அரை நிமிடம் செலவிட்டால் தெரிவதை இன்றும் ஊகித்தே எழுதுகிறார்கள் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

ஒரே வடிவம், ஒரே குடும்பம் என்று நம்புதல்

ஏற்க மறுத்தலைக் குறிக்கும் இலத்தீன் 'இம்ப்ரொபாரே'யிலிருந்து, பொய்யென்று காட்டுதல் என்ற பொருளில் வேறொரு 'இம்ப்ரூவ்' ஆங்கிலத்தில் வழங்கிப் பின்னர் மறைந்தது. அது இதன் மூதாதை அன்று.

ஒலி ஒற்றுமையைச் சான்றாக்குதல்

கூடவே கூடாது.

இன்றைய பொருளைப் பழைய வரியில் ஏற்றுதல்

1715இல் ஆங்கிலப் பாடலாசிரியர் ஐசக் வாட்ஸ் வெளியிட்ட குழந்தைப் பாடல்களில் ஒன்றில், தேனீ ஒளிமிக்க ஒவ்வொரு மணி நேரத்தையும் 'இம்ப்ரூவ்' செய்கிறது. தேனீ நேரத்தைச் சீர்திருத்துவதாக ஒரு மாணவி மொழிபெயர்த்திருந்தார். 'வீணாக்காமல் பயனாக்கிக்கொள்கிறது' என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.