குயில் தேனீயை அளப்பது எப்படி

துளசியும் திருநீற்றுப்பச்சிலையும் பூத்திருக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் நீலப்பட்டைத் தேனீ கண்ணில் படும். அதே செடிக்குக் கருப்பு உடம்பில் வெளிர்நீலப் புள்ளிகளோடு இன்னொன்றும் வரும். அதன் கால்களில் மகரந்தம் சுமக்கும் அடர்த்தியான முடி இருக்காது. தைரியஸ் பேரினத்துக் குயில் தேனீ அது. காக்கைக் கூட்டில் குயில் இடுவதுபோல, நீலப்பட்டைத் தேனீ மண்ணுக்குள் உணவு நிரப்பி மூடிவைத்த அறையில் இது தன் முட்டையை வைத்துவிடும். பொரிக்கும் புழு, அறைக்குச் சொந்தமான முட்டையையோ புழுவையோ கொன்றுவிட்டு அந்த உணவைத் தின்று வளரும்.

நான் இவற்றை அளக்கத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு கேள்விதான். ஒரே இனத்துக் குயில் தேனீக்களில் ஒன்று தடித்தும் இன்னொன்று ஒல்லியாகவும் இருப்பது ஏன்? சின்னதாக இருப்பது குஞ்சு அல்ல. கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வந்த தேனீ அதன்பிறகு வளராது. புழுவாக இருந்தபோது என்ன கிடைத்ததோ அதுதான் அதன் அளவு. தனித்து வாழும் மற்ற தேனீக்களில், எந்த அறைக்கு எவ்வளவு உணவு என்பதைத் தாயே முடிவு செய்யும். பல இனங்களில் பெண் முட்டைக்கு ஒரு அளவு, ஆண் முட்டைக்கு வேறு அளவு. குயில் தேனீத் தாய்க்கு அந்த வாய்ப்பு கிடையாது. இன்னொருத்தி தன் பிள்ளைக்கு வைத்த சோறு எவ்வளவோ, அவ்வளவுதான் அதன் பிள்ளைக்கும். அதனால் குயில் தேனீயை மட்டும் அளந்து பயனில்லை. அதே இடத்தில் வாழும், அது கூடு திருடும் தேனீயையும் சேர்த்து அளக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வேன்.

எதை அளப்பது? தலையிலிருந்து வால்வரை நீளத்தை அளக்காதீர்கள். வயிற்றுப் பகுதியின் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று நீண்டு சுருங்கும். ஒரே தேனீ காலையில் ஒரு நீளம், மாலையில் ஒரு நீளம் காட்டும். இறக்கை நீளம் பரவாயில்லை, ஆனால் வயதான தேனீயின் இறக்கை ஓரம் கிழிந்திருக்கும். நம்பகமானது தோள் அகலம். முன் இறக்கை மார்போடு சேரும் இடத்தில், இரண்டு பக்கமும் சிறிய செதில் போன்ற மூடி உண்டு. அந்த இரண்டு மூடிகளின் உள் ஓரங்களுக்கு இடையே உள்ள தூரம்தான் அது. உலர்ந்த உடல் எடையோடு இந்த அகலம் நன்றாக ஒத்துப்போகிறது என்று தேனீ ஆய்வாளர் ஜேம்ஸ் கேன் 1987-இல் காட்டினார். இன்றும் தேனீ ஆய்வாளர்கள் பரவலாக இதையே அளக்கிறார்கள்.

பிடித்துக் கொல்லத் தேவையில்லை. குயில் தேனீக்கள் அந்தி சாயும்போது காய்ந்த குச்சியையோ புல் தண்டையோ தாடையால் கவ்விக்கொண்டு, கால்களை மடக்கித் தூங்கும். மாலையில் இடத்தைப் பார்த்துவைத்துவிட்டு, விடிந்ததும் வெயில் ஏறுமுன் போங்கள். குளிரில் அவை அசையாது. நீலப்பட்டைத் தேனீயின் ஆண்களும் இப்படித்தான் கூட்டமாகத் தூங்கும். பெண்கள் தங்கள் கூட்டுக்குள் போய்விடும். அவற்றைப் பூவில்தான் பிடிக்க முடியும். அதனால் தூங்குமிடத்தில் எடுத்த அளவுகளில் ஆணை ஆணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

ஆணா பெண்ணா என்று பார்க்க உணர்கொம்பின் கணுக்களை எண்ணலாம்: பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13. படத்தைப் பெரிதாக்கினால் தெரியும்.

சரி, படம் எடுப்பது. மேக்ரோ லென்ஸ் போதும், கைபேசியில் மாட்டும் லென்ஸ் என்றாலும் சரி. கேமரா தேனீயின் முதுகுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். இரண்டு தோள் மூடிகளும் ஒரே மாதிரி தெரிந்தால் கோணம் சரி. கிராப் தாளிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, அட்டையில் ஒட்டி, மார்பின் மேல்மட்டத்துக்குச் சமமான உயரத்தில் பக்கத்தில் பிடியுங்கள். தாள் பின்னால் தள்ளியிருந்தால் தேனீ உண்மையைவிடப் பெரிதாகக் கணக்காகும். இந்த ஒரு விஷயத்தில் பொறுமை காட்டினால் மற்றதெல்லாம் எளிது. பிறகு இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் திறந்து, 10 மி.மீ. எத்தனை பிக்சல் என்று பாருங்கள். 800 என்று வைத்துக்கொள்வோம். தோள் அகலம் 304 பிக்சல் என்றால் 3.8 மி.மீ. ஒவ்வொரு தேனீக்கும் குறைந்தது மூன்று படம் எடுத்துத் தனித்தனியாக அளந்து சராசரி போடுங்கள். மூன்றும் எவ்வளவு விலகுகின்றன என்பதே உங்கள் அளவின் பிழை.

ஒப்பிடும்போது, அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்குங்கள். சராசரி 4, விலக்கம் 0.3 என்றால் 7.5 விழுக்காடு. சின்ன இனத்தையும் பெரிய இனத்தையும் நேர்மையாக ஒப்பிட இந்த விழுக்காடுதான் உதவும். குயில் தேனீயின் விழுக்காடு அதிகமாக வந்தால், அது ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களின் கூட்டில் வளர்கிறதா என்று தேட வேண்டும். அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் பச்சையாக மின்னும் எக்ஸேரெட்டே என்ற குயில் தேனீயிடமும் கேட்கத்தக்க கேள்விதான் இது. அது யூலேமா, யூஃப்ரீசியா என்ற ஆர்க்கிட் தேனீக்களின் கூடுகளில் முட்டையிடுகிறது.

எந்தக் குயில் தேனீ எந்தக் கூட்டில் வளர்ந்தது என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் இலைவெட்டித் தேனீயிடம் போங்கள். கூர்மையான வயிற்று முனை கொண்ட கோலியாக்ஸிஸ் என்ற குயில் தேனீ அதன் கூட்டில் முட்டையிடும். ஒரு முனை கணுவால் அடைபட்ட மூங்கில் துண்டுகளை, 6 முதல் 10 மி.மீ. துளை இருப்பதாகப் பார்த்து, மழை படாத சுவரோரம் கட்டாகத் தொங்கவிடுங்கள். வாய் இலையால் அடைபட்டதும் அந்தத் துண்டை மட்டும் எடுத்து, நுனியில் கொசுவலைத் துணி கட்டி, துளை அகலத்தையும் தேதியையும் எழுதி நிழலில் வையுங்கள். வெளியே வருவது இலைவெட்டியோ கோலியாக்ஸிஸோ, அளந்து படமெடுத்துப் பூச்செடிப் பக்கம் விட்டுவிடலாம். எறும்பு ஏறாமல் இருக்க, கட்டிய கம்பியில் கிரீஸ் தடவ மறக்க வேண்டாம்.