மலைக்குக் குடிவருபவர்களுக்கு: ஃபோர் வீல் வண்டி புதுசா, செகண்ட் ஹேண்டா?

நீலகிரிக்குக் குடிவருகிறவர்கள் வீட்டு வேலை ஓரளவு முடிந்ததும் கேட்கும் அடுத்த கேள்வி வண்டியைப் பற்றித்தான். துபாய், சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பி மலையில் தங்க வருகிறவர்களும் சரி, சென்னையை விட்டுக் கிளம்பி வருகிறவர்களும் சரி, கேட்பது ஒன்றே: நான்கு சக்கரத்துக்கும் என்ஜின் பலம் போகிற ஃபோர் வீல் வண்டி ஒன்றைப் புதிதாக புக் பண்ணலாமா, இல்லை செகண்ட் ஹேண்டில் ஒன்று பார்க்கலாமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் செகண்ட் ஹேண்ட் வாங்குங்கள். ஒரு மழைக்காலம் முழுக்க உங்கள் வீட்டுப் பாதையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் புதுசைப் பற்றி யோசியுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாகவோ கோத்தகிரி வழியாகவோ ஏறிவருவதற்கு ஃபோர் வீல் தேவையே இல்லை. அரசுப் பேருந்து நாள் முழுக்கப் போய்வருகிற தார்ச் சாலை அது. சின்ன கார்கூட நிம்மதியாக ஏறும். ஃபோர் வீல் தேவைப்படுவது தார்ச் சாலையை விட்டு உங்கள் வீட்டுக்குத் திரும்பும் கடைசி அரை கிலோமீட்டருக்குத்தான். தேயிலைத் தோட்டத்து நடுவே சிமென்ட் போட்ட ஒரு செங்குத்தான ஏற்றம் என்று வையுங்கள். நவம்பர் மழையில் அதன் நடுவில் பச்சைப் பாசி படிந்திருக்கும், ஓரங்களில் சில்வர் ஓக் சருகு ஊறிக் கிடக்கும். முன் சக்கரத்தில் இழுக்கும் கார் பாதி ஏறியதும் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலும், டயர் தீய்ந்த வாசனை வரும், வண்டி மெல்லப் பின்னால் நழுவும். அதே இடத்தில் ஃபோர் லோ, அதாவது நான்கு சக்கரத்தையும் மெதுவாக, அதிக பலத்தோடு சுழற்றும் லோ கியர், போட்ட வண்டி, முதல் கியரில், ஆக்ஸிலரேட்டரை அதிகம் மிதிக்காமலே நடை வேகத்தில் ஏறிவிடும். உங்கள் பாதையில் இப்படி ஓர் இடமே இல்லையென்றால் ஃபோர் வீலுக்குச் செலவு செய்யாதீர்கள். நல்ல டயர் போட்ட சாதாரண காரே போதும்.

எனவே ஷோரூமுக்குப் போகும் முன் அந்தப் பாதையை நடந்து பாருங்கள், கையில் ஒரு டேப்போடு. மிகக் குறுகலான இடத்தின் அகலம், கேட்டின் அகலம், வண்டியைத் திருப்ப இருக்கும் இடம் மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மலையில் பல வண்டிகள் தோற்பது ஏற்றத்தில் அல்ல, அகலத்தில். மஹிந்திராவின் தார் வண்டியில் ஐந்து கதவு ரகமான தார் ராக்ஸ் 1,870 மி.மீ. அகலம். மாருதி ஜிம்னி 1,645 மி.மீ. இருபத்திரண்டு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். எதிரே பேருந்து வந்து, இடது பக்கம் மூடாத சாக்கடை வாய் பிளந்து நிற்கும்போது அந்த இருபத்திரண்டு சென்டிமீட்டரின் மதிப்பு தெரியும். வளைகுடாவில் இடது கை ஸ்டியரிங் ஓட்டிப் பழகியவர்களுக்கு இங்கே இடது சக்கரம் எங்கே இருக்கிறது என்று கணிக்கவே கொஞ்ச காலம் பிடிக்கும். அப்படிப் பழகும்வரை ஒடுக்கமான வண்டி பெரிய துணை.

இன்னொன்று, தோற்றத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். உயரமாக, சதுரமாக இருப்பதெல்லாம் ஃபோர் வீல் இல்லை. 2024 ஆகஸ்டில் தார் ராக்ஸ் 12.99 லட்சத்திலிருந்து என்று அறிவித்தார்கள். அந்த விலைக்குக் கிடைப்பது பின் சக்கரத்தில் மட்டும் ஓடும் பெட்ரோல் வண்டி. ஃபோர் வீல் டீசலில் மட்டும்தான், அதன் அறிமுக விலை 18.79 லட்சத்தில் தொடங்கியது. மூன்று கதவு தாரிலும் 2023 ஜனவரியிலிருந்து பின் சக்கர ரகம் விற்கிறது. 2025 நவம்பரில் வந்த டாடா சியராவும் முன் சக்கர இயக்கத்தோடுதான் அறிமுகமானது. செகண்ட் ஹேண்ட் விளம்பரத்தில் "தார், நல்ல கண்டிஷன்" என்று மலிவாகத் தெரிந்தால், உள்ளே எட்டிப் பார்த்து கியர் ராடுக்குப் பக்கத்தில் ஃபோர் வீல் போடும் இரண்டாவது ராடு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத தார், ஆளும் பாரமும் இல்லாமல் ஈரச் சருகில் ஏறும்போது சாதாரண முன் சக்கரக் காரைப் போலவே திணறலாம்.

இனி பணம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 முதல் 20 லட்சம் வரையுள்ள புதிய கார்களுக்கு ஆயுட்கால வரி 18 விழுக்காடு, 20 லட்சத்துக்கு மேல் 20 விழுக்காடு. 18.79 லட்சம் விலையுள்ள வண்டிக்கு வரி மட்டும் சுமார் 3.38 லட்சம். இன்ஷூரன்ஸும் சேர்ந்தால் ஆன்ரோடு விலை 22 லட்சத்தைத் தாண்டும். தமிழ்நாட்டிலேயே பதிவான செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு இந்த வரியை முதல் உரிமையாளர் கட்டி முடித்திருப்பார். இந்த ஒரு காரணமே பலருக்குப் போதும்.

புது மாடல் வந்த சூட்டில் வாங்குவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஐந்து கதவு ஜிம்னி 2023 ஜூனில் 12.74 லட்சத்திலிருந்து விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தண்டர் எடிஷன் என்று 10.74 லட்சத்துக்குக் கொடுத்தார்கள். ஆறு மாதம் காத்திருந்தவர்களுக்கு இரண்டு லட்சம் மிச்சம். எல்லா வண்டிக்கும் இப்படி நடக்காது. ஆனால் முதல் ஆண்டில் விலையும் சரி, வண்டியின் சின்னச் சின்னக் குறைகளும் சரி, நிலைகொள்வதில்லை. அதோடு 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்.யூ.வி.க்களுக்கு ஜி.எஸ்.டி. 40 விழுக்காடாகி, தனியாக இருந்த செஸ் என்ற கூடுதல் வரி போய்விட்டது. மொத்தத்தில் வரி குறைந்து புது வண்டி விலை இறங்கியது. அதற்கு முன் வாங்கியவர் தன் பழைய பில்லைக் காட்டி விலை சொன்னால், இன்றைய ஷோரூம் விலையை எடுத்துக் காட்டிப் பேசுங்கள்.

என்ன வாங்கலாம்? கோத்தகிரி, குன்னூர் பக்கத்து ஊர்ப் பாதைகளுக்கு என் முதல் தேர்வு இரண்டு மூன்று வருடம் ஓடிய ஜிம்னி. ஒடுக்கம், எடை சுமார் 1,200 கிலோ, லோ கியர் எல்லா ரகத்திலும் உண்டு, ஆறு ஏர்பேக் இருக்கிறது. குறை இரண்டு. நான்கு பேர்தான் உட்காரலாம். அடுத்தது, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின். உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். ஆயிரம் மீட்டருக்குப் பத்து விழுக்காடு என்று இந்த ரக என்ஜின் பலம் இழக்கும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு பலம் காணாமல் போயிருக்கும். டர்போ டீசலுக்கு இந்த இழப்பு அவ்வளவு தெரியாது. தினமும் ஊட்டிக்கு மேலே ஓட்டுகிறவர் 2020க்குப் பிறகு வந்த ஃபோர் வீல் டீசல் தாரைப் பார்க்கலாம். துணிக் கூரை வேண்டாம், கெட்டிக் கூரைதான் இந்த மழைக்குத் தாங்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் மூன்று கதவு தாரின் பின் சீட்டில் அவர்களை ஏற்றி இறக்குவது பெரும் பாடு.

பழைய மாருதி ஜிப்சி, 2010 முதல் 2020 வரை வந்த முதல் தலைமுறை தார், இரண்டும் மலைக்கு ஏற்றவைதான். மெக்கானிக்குகளுக்கு மஹிந்திரா ஜீப்பின் ஒவ்வொரு நட்டும் தெரியும். ஆனால் அந்த இரண்டிலும் ஏர்பேக் கிடையாது. குழந்தைகளை வைத்து ஓட்டுகிறவர்கள் அவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டீசல் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பி.எஸ். 6 என்ற புகை விதிப்படி செய்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. என்ஜின் நன்கு சூடாகி, சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி எரியும். பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டமே வாழ்க்கை என்றால் ஃபில்டர் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். அப்படிப்பட்டவர்களுக்குப் பெட்ரோல்தான் சரி.

வண்டியைப் பார்க்கும்போது

சாயத்தைப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். தரையில் சாக்கு விரித்துப் படுத்து அடியில் பாருங்கள். ஆஃப்ரோடு ஓடிய வண்டி அங்கேதான் உண்மை சொல்லும். அச்சின் நடுவில் பல்சக்கரங்களை மூடியிருக்கும் உருண்டையான கிரவுன் ஹவுசிங்கில் கல் இடித்த வடு, நசுங்கிய சைலன்சர், சேசிஸில் புதிதாகப் பூசிய கறுப்புப் பெயின்ட், எல்லாவற்றுக்கும் காரணம் கேளுங்கள். மெக்கானிக்கை விட்டு கிரவுன் ஆயிலின் மூடியைத் திறந்து விரலில் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். ஆயில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருக்கலாம். பால் விட்ட டீ போல வெளுத்திருந்தால் ஆற்றில் இறங்கி உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. முன் சீட்டின் தண்டவாளத்தையும் மிதியடிக்கு அடியையும் தடவுங்கள். அங்கே மெல்லிய வண்டல் மண் ஒட்டினால் அந்த வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். தண்ணீர் போன ஒயரிங் வருடக்கணக்கில் தொல்லை தரும்.

பிறகு ஓட்டிப் பாருங்கள், ஏற்றத்தில். பாதி ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுக்கும்போது கிளட்ச் உதறினாலோ கருகல் வாசனை வந்தாலோ கிளட்ச் பிளேட் செலவு காத்திருக்கிறது. நான்கு சக்கரமும் சாதாரண கியரில் இழுக்கும் ஃபோர் ஹை, மெதுவான ஃபோர் லோ இரண்டையும் மண் தரையில் போட்டுப் பாருங்கள். வருடக்கணக்காகத் தொடாத ராடு இறுகிப்போயிருக்கும். பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், கூரை விளக்கு என்று மாற்றிய வண்டிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019இலேயே சொல்லிவிட்டது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள்.

விலை படிந்தாலும் முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வார்த்தை கேளுங்கள்: "அண்ணா, இந்த வண்டிக்கு சாமான் இங்கேயே கிடைக்குமா, கோயம்புத்தூர்தான் போகணுமா?" மழையில் மலைப்பாதை அடைபட்டால் கோயம்புத்தூரிலிருந்து சாமான் வர நாளாகும்.

காகிதம்

நீலகிரியில் பதிவான வண்டிக்கு எண் டி.என். 43. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும். டி.என். 43 வண்டிகளுக்கு அது தேவையில்லை. கோவையில் வாங்கிய வண்டியை உங்கள் பெயருக்கும் ஊட்டி முகவரிக்கும் மாற்றினாலும் எண் பழைய எண்தான். அதனால் ஒரே விலையில் இரண்டு வண்டி இருந்தால் டி.என். 43ஐ எடுங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வங்கிக் கடன் இருந்தால் அதை நீக்கப் படிவம் 35. கர்நாடகா, கேரளா, டெல்லி வண்டிகள் மலிவாகத் தெரியும். டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசலுக்குக் கெடுபிடி இருப்பதால் அங்கிருந்து நிறைய தெற்கே வருகின்றன. அவற்றுக்குப் படிவம் 28இல் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபடி வரி கட்டி, புது எண் வாங்க வேண்டும். மலிவு அதிலேயே கரைந்துவிடும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். வெளிநாட்டில் இருந்தபோது உங்கள் இந்திய லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்டித்தான் புதுப்பிக்க முடியும். வண்டிக்கு முன்பே அதை முடியுங்கள்.

ஓட்டும்போது

இந்த வண்டிகளில் ஃபோர் ஹையை உலர்ந்த தார்ச் சாலையில் போடக் கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் சுற்ற வேண்டும். ஃபோர் ஹை இரண்டையும் பூட்டிவிடுவதால் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் இறுகி, கியர்பெட்டி நொந்துபோகும். மண்ணும் சேறும் பாசியும்தான் அதற்கு இடம். இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி வழியில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஆட்டோமேட்டிக் என்றாலும் கீழ் கியரில் பூட்டித்தான் இறங்க வேண்டும். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுவது இங்கே பழக்கம், சட்டமும் அதுதான்.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும். கோத்தகிரி, குன்னூருக்குப் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2009 நவம்பரில் மண் சரிந்து எத்தனை உயிர் போனது என்பதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. கலெக்டர் அலுவலகம் எச்சரிக்கை விட்டால் எந்த வண்டி வைத்திருந்தாலும் வீட்டிலேயே இருங்கள்.

கடைசியாக ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன். ஃபோர் வீல் வாங்கிய கையோடு காட்டுக்குள்ளும் புல்வெளியிலும் இறங்காதீர்கள். முதுமலையிலும் மற்ற காப்புக் காடுகளிலும் சாலையை விட்டு இறங்குவது குற்றம். சோலைக்கு மேலே இருக்கும் புல்வெளியில் ஒருமுறை பதிந்த டயர் தடம் அடுத்த மழையில் ஓடையாகும், அதற்கடுத்த மழையில் மண்ணை அறுத்துக்கொண்டு போகும். கீழே இருக்கும் ஊர்கள் குடிப்பது அந்தப் புல்வெளி பிடித்து வைக்கும் தண்ணீரைத்தான். வண்டியின் லோ கியரைப் பழக ஆசையிருந்தால் தெரிந்தவர்களின் பட்டா நிலத்தில், அவர்களிடம் கேட்டுக்கொண்டு, மண் காய்ந்த பிறகு ஓட்டிப் பாருங்கள்.