பில்டுக்கு முன் டிபென்டென்சி: மறந்தாலும் தானாக இறங்க ஒரு வழி

ரியாக்ட் நேட்டிவ் (ஒரே கோடில் ஐபோன், ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் கருவி) ப்ராஜெக்டில் டீமின் புது கோடை இறக்க கிட் புல் போட்ட கையோடு பில்ட் கொடுத்தேன். சாண்ட்பாக்ஸும் (என் கணினியில் இறங்கியிருக்கும் ஐஓஎஸ் லைப்ரரிகள்) பாட்ஃபைல் டாட் லாக்கும் (இருக்க வேண்டிய பதிப்புகளின் பட்டியல்) ஒத்துப்போகவில்லை என்று ஆப்பிளின் பில்ட் கருவியான எக்ஸ்கோட் சிவப்பில் கத்தியது. கோடில் தப்பைத் தேடி அரை நாள் போன பிறகுதான் தெரிந்தது, டீமில் ஒருவர் புது லைப்ரரி (அதாவது டிபென்டென்சி) சேர்த்திருக்கிறார், ஐஓஎஸ் லைப்ரரிகளை இறக்கும் பாட் இன்ஸ்டால் கட்டளையை நான் போடவில்லை, அவ்வளவுதான். இதை இனி ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளட்டும். (கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன், டைப் செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்து.)

முதலில் ப்ராஜெக்டின் மேல் ஃபோல்டரில் செட்டப் டாட் எஸ்ஹெச் என்று ஒரு ஃபைல். அதன் முதல் வரி செட் ஹைஃபன் இ. இதை விட்டுவிடாதீர்கள், இது இல்லாவிட்டால் நடுவில் ஒரு கட்டளை தோற்றாலும் ஸ்கிரிப்ட் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விடும், கடைசியில் சம்பந்தமே இல்லாத எரர் வந்து நிற்கும்.

அடுத்த வரி என்பிஎம் இன்ஸ்டால், ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளை இறக்குவது இதுதான். பில்ட் சர்வராக இருந்தால் அதற்குப் பதில் என்பிஎம் சிஐ. அது லைப்ரரிகள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அழித்துவிட்டு லாக் ஃபைலில் உள்ள அதே பதிப்புகளை இறக்கும், லைப்ரரிகளைப் பட்டியலிடும் பேக்கேஜ் டாட் ஜேசனோடு லாக் பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். நல்லதுதான். ஆனால் தினமும் நம் கணினியில் அதை ஓட்டினால் பொறுமை போய்விடும்.

அப்புறம் ஐஓஎஸ் ஃபோல்டருக்குள் போய் பாட் இன்ஸ்டால். இது மேக்கில் மட்டும் ஓட வேண்டும், அதனால் யூநேம் கட்டளை டார்வின் (மேக்கின் உள்பெயர், இதில் மட்டும் முதல் எழுத்து பெரியது) என்று சொல்கிறதா என்று ஒரு இஃப் போட்டுக்கொள்ளுங்கள். சிலர் இதை என்பிஎம் இன்ஸ்டால் முடிந்ததும் தானாக ஓடும் போஸ்ட்இன்ஸ்டாலில் வைப்பார்கள், எனக்கு அது பிடிக்காது, மற்ற சிஸ்டத்தில் பாட் இல்லாமல் என்பிஎம் இன்ஸ்டாலே தோற்றுப்போகும். ஆண்ட்ராய்டு பக்கம் கவலை இல்லை, அங்கே பில்ட் செய்யும் கிரேடில் கருவி பில்டின்போது தானே இறக்கிக்கொள்ளும்.

சரி, இதை பில்டோடு இணைக்க வேண்டும். பேக்கேஜ் டாட் ஜேசனில் ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் ப்ரீஐஓஎஸ், ப்ரீஆண்ட்ராய்டு என்று இரண்டு பெயர் சேர்த்து, இரண்டுக்கும் பாஷ் செட்டப் டாட் எஸ்ஹெச் என்று கொடுங்கள். இனி என்பிஎம் ரன் ஐஓஎஸ் என்றதும் ப்ரீ ஒட்டிய ஸ்கிரிப்ட் முதலில் ஓடும்.

எக்ஸ்கோடைத் திறந்து நேராக ரன் பட்டனை அழுத்தினால் மட்டும் இது ஓடாது. என்பிஎம்முக்குப் பதில் யார்ன் 2 அல்லது அதற்கு மேல் பயன்படுத்துகிறவர்களுக்கும் இந்த ப்ரீ வித்தை வேலை செய்யாது, அவர்கள் ஐஓஎஸ் ஸ்கிரிப்டுக்குள்ளேயே செட்டப்பை முதலில் அழைத்து, இரண்டு ஆம்பர்சாண்ட் போட்டு, பழைய கட்டளையைத் தொடர வேண்டியதுதான்.