பைசாந்தியத் தங்கக் காசு: வாங்கும் முன் முகத்தைப் படியுங்கள்

ஹற்றனில் நகை வேலை செய்யும் குடும்பம் எங்களுடையது. தங்கம் கைக்கு வந்தால் எங்களுக்கு முதலில் எடையும் மாற்றும்தான். பைசாந்தியம் என்ற கிழக்கு ரோமப் பேரரசின் காசைச் சேர்க்கிறவர் அந்த வழக்கத்தை ஒதுக்கிவைத்து, காசில் இருக்கும் பேரரசர் யார், எந்தக் காலத்தில் அடித்தது என்று படிக்கப் பழக வேண்டும்.

அதற்குப் பேரரசர் ஹெரக்லியஸின் சொலிடஸ் என்ற தங்கக் காசுதான் தோது. அவர் ஆண்டது 610 முதல் 641 வரை. ஆரம்பக் காசுகளில் குட்டைத் தாடியோடு தனியாக இருக்கிறார். 613இல் மகனுக்கு முடிசூட்டிய பிறகு பக்கத்தில் ஒரு சின்ன முகம் சேர்கிறது. வருஷம் போகப் போக அந்த முகம் வளர்கிறது. 629 அளவில் அப்பாவுக்கு நீண்ட தாடி, பெரிய மீசை. 632 முதல் இளைய மகன் ஹெரக்லோனஸும் சேர்ந்து மூன்று பேரும் நிற்கிறார்கள். இளையவன் தலையில் கிரீடம் இருந்தால் காசு 638 அல்லது அதற்குப் பிந்தியது. ஆண்டே எழுதாத காசில் இப்படி ஆண்டைக் கண்டுபிடிக்கும்போது வருகிற மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை.

கூர்மையான தாடி என்றால் பெரும்பாலும் அவருக்கு முன் ஆண்ட போக்கஸ். கிறிஸ்துவின் முகத்தை முதலில் காசில் வைத்த பேரரசர் இரண்டாம் ஜஸ்டினியன். ஹெரக்லியஸ் காசின் பின்பக்கத்தில் படிகள் மேல் சிலுவை நிற்கும். சுற்றெழுத்தின் கடைசியில் வரும் கிரேக்க எழுத்து பட்டறையின் எண்.

சரி, எடைக்கு வருவோம். ஒரு ரோம இறாத்தலுக்கு 72 காசு என்பது கணக்கு. அதாவது சுமார் 4.5 கிராம், நம் அரைப் பவுனுக்குச் சற்றுக் கூட. தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து, காசை நூலில் கட்டி, அடியில் தொடாமல் முக்குங்கள். 4.4 கிராம் காசுக்குத் தராசு 0.23 கிராம் அளவு ஏற வேண்டும். 0.25ஐத் தொட்டால் கலப்புத் தங்கம். அந்தக் காலத்துச் சொலிடஸ் ஏறக்குறைய சுத்தத் தங்கம். நல்ல தங்கத்திலேயே போலி அடிப்பவர்களும் உண்டு, அதனால்தான் முகமும் எழுத்தும் முக்கியம். உரைகல்லில் மட்டும் தேய்க்கவே வேண்டாம். வளையம் பற்றவைப்பதும் காசைக் கெடுப்பதுதான்.

இந்தக் காசுக்கு நம் தீவிலும் ஒரு கதை இருக்கிறது. சோபாத்ரஸ் என்ற வணிகர் இலங்கை அரசனிடம் ரோமத் தங்கக் காசைக் காட்ட, பாரசீக வெள்ளிக் காசைவிட அதுவே மேல் என்று அரசன் சொன்னானாம். 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற கிரேக்கப் பயணி எழுதி வைத்தது. அதற்காக, "காணி கிண்டும்போது கிடைத்தது" என்று யாராவது கொண்டுவந்தால் வாங்கிவிடாதீர்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி மண்ணுக்குள் இருந்து வரும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். பழைய விற்பனை ரசீதோடு வரும் காசையே தேடுங்கள். முதல் காசு ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தாலும் பரவாயில்லை, அப்பா மகன் இரண்டு முகமும் தெளிவாக இருப்பதை எடுங்கள்.